தோளில் காய்ந்த சந்தனம்

மொட்டை அடிக்க உட்கார வைத்தபோது என் மகள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"மொட்ட போட்டா உனக்கு என்னைய அடையாளம் தெரியுமாப்பா?"

"எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"முடியே இல்லாட்டியும்?"

"முடிய வச்சா உன்னையத் தெரியும்? மூஞ்சிய வச்சுதான் தெரியும்."

அது போதுமாக இருந்தது அவளுக்கு. தலையைக் குனிந்து கொடுத்தாள். கத்தி ஓடி முடியும் வரை என் ஆள்காட்டி விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருப்பது திருப்பூரில். மொத்த மளிகைக் கடையின் கிடங்கில் எனக்கு வேலை. மூட்டை பிரித்து, எடை போட்டு, மறுபடி கட்டி வைப்பேன். கடையின் முன்பக்கம் முதலாளியும் அவர் தம்பியும் இருப்பார்கள். வாடிக்கையாளர்களிடம் பேசுவதெல்லாம் அவர்கள். எனக்கு மூட்டைகளோடு சரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்த நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்படி என்றைக்கும் பேசியதில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

மே மாத விடுமுறைக்கு வருஷந்தோறும் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்கு வருவோம். இந்த முறை மகளுடைய ஐந்தாவது பிறந்த நாள் அந்த விடுமுறையில் வந்தது. அவளுக்கு முன்பு ஒரு சமயம் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, ஐந்து வயது முடிகிற அன்று சமயபுரத்தில் முடி இறக்குவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய வேண்டுதல். மகளுக்குத் தனியாக ஒரு வேண்டுதல் இருந்தது. போன வருஷம் வந்திருந்தபோது என் சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர், ஏர்போர்ட் போகிற பக்கம் பகலிலேயே நட்சத்திரம் காட்டுகிற கோளரங்கம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அவள் அதை விடவில்லை. மொட்டைக்கு அழாமல் உட்கார்ந்தால் கோயிலிலிருந்து நேராக அங்கேதான் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சகலை ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய ஆட்டோவிலேயே விடிகாலையில் கிளம்பிப் போனோம். அக்கா சமையலைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டில் இருந்துவிட்டாள்.

மொட்டை முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் புது கவுன் முழுக்க நனைந்து, மயிர் ஒட்டிக்கொண்டு, பிள்ளை நெளிந்தாள். கோயிலுக்கு வெளியே தள்ளுவண்டியில் மஞ்சள் பனியன் சட்டைகளைக் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். நெஞ்சில் சிங்க முகம் அச்சடித்தது. என் மனைவி ஒன்றை எடுத்து, ஓர் அரைக்கால் சட்டையும் வாங்கி மாட்டிவிட்டாள். அந்த வண்டியைச் சுற்றி எங்களைப் போலவே நனைந்த பிள்ளைகளோடு நிறைய பேர் நின்றார்கள் என்பதை நானும் பார்த்தேன். அப்போது அதில் நினைக்க ஒன்றுமில்லை.

தலையில் சந்தனம் பூசியதும் பிள்ளை ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொள்ளிடம் தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டி, காவிரிப் பாலமும் தாண்டி, பாலக்கரை நெரிசலில் நின்று நின்று போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. என் நீலச் சட்டையின் தோளில் சந்தனம் அப்பிக் காய்ந்து, வறண்ட குளம் மாதிரி வெடித்துப்போயிருந்தது.

கோளரங்கத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் சகலை சிரித்தார்.

"சகல, அங்க பாருங்க. சமயபுரத்துல இறக்குன அத்தன மொட்டையும் இங்கதான் இறங்கியிருக்கு."

உண்மைதான். மரத்தடியெல்லாம் வேன்கள். மஞ்சள் சேலைகள், மஞ்சள் வேட்டிகள். சந்தனத் தலைகளோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆணா பெண்ணா என்று கிட்டே போனால்தான் தெரியும்.

முதலில் ஒரு கூடத்துக்குள் போனோம். வளைந்த கண்ணாடிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் பார்த்தால் குட்டையாகப் பானை மாதிரி, இன்னொன்றில் பனைமரம் மாதிரி. மொட்டை போட்ட பிறகு என் மகள் தன்னைப் பார்த்தது அங்கேதான் முதல் முறை. கண்ணாடிக்குள் பூசணிக்காய் மாதிரி ஒரு தலை. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்ததும் கையைத் தூக்கியது.

"இது நானாப்பா?"

"நீதான்."

"உனக்குத் தெரியுதா?"

"தெரியுதும்மா. வா."

அதற்குள் மணி அடித்தார்கள். கோளரங்கத்தின் அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் விரதம் இருந்த என் மனைவிக்கு வெயிலில் தலைவலி வந்துவிட்டது. இருட்டில் போய் அண்ணாந்து பார்த்தால் வாந்தி வரும் என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சகலை இளநீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார். பையும் என் போனும் மனைவியிடம் இருந்தன.

"கைய விட்றாதீங்க" என்றாள். "உங்களுக்குத்தான் வாய் கெடையாது. கையாவது இருக்கட்டும்."

உள்ளே வட்டமான கூடம். மேலே வெள்ளைக் கூரை கவிழ்த்த சட்டி மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்தால் அது பின்னால் சாய்கிறது. நான் ஓர் ஓரத்தில் இடம் பிடித்து, பக்கத்து இருக்கையில் மகளை உட்கார வைத்தேன். விளக்குகள் மெதுவாகக் குறைந்து அணைந்தன. பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியாத இருட்டு. எங்கோ ஒரு பிள்ளை வீரிட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அப்போது மேலே நட்சத்திரங்கள் வந்தன.

"நிலா எங்கப்பா?" என்று காதருகே கேட்டாள்.

"வரும். பேசாம பாரு" என்றேன், மூச்சளவு குரலில்.

நான் வானத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கிடங்கில் கூரைக்குக் கீழே நாற்பது வாட்ஸ் பல்புதான் வானம். இங்கே ஒரு குரல் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டிக்கொண்டே போனது. கூரை முழுவதும் மெல்லச் சுற்றியது. நாற்காலியே சுற்றுவது போல இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். அந்தக் கையில்தான் அவள் விரல்கள் இருந்தன என்பது பிறகு நினைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

சற்றுக் கழித்து என் முழங்காலில் ஏதோ முட்டியது. கையை நீட்டினேன். மொட்டைத் தலை. சந்தனம். விசும்பிக்கொண்டு நின்றது. பக்கத்து இருக்கையைத் தடவினேன், காலியாக இருந்தது. பயந்துபோய் இறங்கிவிட்டாள் என்று தூக்கி மடியில் வைத்தேன். முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொண்டது. "ஒண்ணுமில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று முதுகை மட்டும் தட்டிக்கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இது வேற்றாள் குரல் என்று தெரிந்திருக்கும்.

எடை குறைந்தாற்போல் இருந்தது. அதையும் கவனித்தேன். மூட்டையைத் தூக்கியவுடன் குறைவு தெரிந்துவிடுகிற கை என்னுடையது. முடி போனதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்சி முடிந்து மங்கலான விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்து நெருக்கியது. பிள்ளை என் மறுதோளில் முகம் கவிழ்த்துத் தூங்கிப்போயிருந்தது. மஞ்சள் சட்டை, நெஞ்சில் சிங்கம். கால்கள் வெறுங்காலாக இருந்தன. செருப்பைக் காணோமே, இவளுடைய அம்மா திட்டுவாளே என்று குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்கு அடியிலும் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். செருப்பைத்தான் தேடினேன். பிள்ளையைத் தேடவில்லை. பிள்ளை தோளில் இருந்ததே.

வெளிக்கதவைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பிள்ளை விழித்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

ஒரு பையன். எங்கள் பிள்ளை வயதுதான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.  பிறகு அவன் கத்திய கத்தலில் மரத்தடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"எங்கம்மா! எங்கம்மாகிட்டப் போவணும்!"

நான் அவனைக் கீழே இறக்கினேன். இறக்கியவன் ஓடிவிடக் கூடாதே என்று கையைப் பிடித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அவன் கையை உதறிக்கொண்டு தரையில் விழுந்து புரள, ஒருவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாருய்யா நீ? புள்ள யாருது?"

பையனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கேக்குறாருல்ல? சொல்லுய்யா."

"முழியப் பாரு. புள்ள புடிக்கிறவன் மாதிரியே இல்ல?"

"இந்தக் கூட்டத்துல நல்லா கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கான். மொட்டையோட மொட்டையா தூக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியும்?"

ஒரு இளவட்டம் என் சட்டைக் காலரைப் பிடித்தான். இன்னொருவன் போனை நீட்டிப் படம் எடுத்தான். போன் முதுகின் சின்னக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும் போலிருந்தது.

"எம் புள்ளன்னு நெனச்சுத் தூக்கிட்டேங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

காலரைப் பிடித்தவன் சிரித்தான். "உம் புள்ளையா? அப்ப உம் புள்ள எங்க?"

அவன் என்னை மடக்குவதற்காகக் கேட்டான்.  அதுவரை தோளில் இருந்தது யார் பிள்ளை என்ற பயம் மட்டுமே எனக்கு இருந்தது. என் பிள்ளை எங்கே என்று அவன் கேட்ட பிறகுதான் நான் கேட்டுக்கொண்டேன். உள்ளே போகத் திரும்பினேன். அவர்கள் ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

"விடுங்க. எம் புள்ள... உள்ள..."

"இப்ப மட்டும் வாய் வருதா? நில்லுய்யா. போலீஸ் வரட்டும்."

என் மகள் வந்து "அப்பா" என்றால் நான் தப்புவேன். அவளைக் கூட்டிவர என்னை விடமாட்டார்கள். எனக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே ஏர்போர்ட் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வேனின் ஜன்னலிலும் ஒரு மொட்டைத் தலை.

அப்போது மஞ்சள் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். தரையில் கிடந்த பையனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"உன்னையத் தாத்தாகிட்டத்தானடா உக்கார வச்சேன்!" பின்னால் வந்த கணவனிடம் திரும்பினாள். "உங்கப்பா இன்னும் உள்ள சேர்லயே படுத்துத் தூங்குறாரு. போய் எழுப்புங்க, நட்சத்திரமெல்லாம் போயிடுச்சுன்னு சொல்லி."

"அக்கா, புள்ளையத் தூக்கிட்டு ஓடப் பார்த்தது இந்த ஆளுதான்" என்றான் காலரைப் பிடித்தவன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் தோளில் அவள் பார்வை நின்றது. கிட்டே வந்து, சட்டையில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினாள். பிறகு என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஈரமாக இருந்தது.

"சட்டைய விடுப்பா" என்றாள். "எம் பையனுக்கு எரியுதுன்னு இங்க வந்துதான் மறுபடி கொழச்சுப் பூசுனேன். நெஞ்சுல இருக்கிற ஈரம் அவனுது. தோள்ல பாரு, காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. காலையிலேருந்து ஒரு மொட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்த மனுசன் இவரு. இவரு புள்ளையத்தான் காணோம். நிக்கிறீங்களே, தேடுங்களேன்!"

என் கையை விட்டார்கள். அதற்குள் சத்தம் கேட்டு என் மனைவி வந்துவிட்டாள். பையனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"எங்க?" என்றாள். அவ்வளவுதான்.

தெரியவில்லை என்று தலையாட்டினேன். அவள் என்னிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "அடையாளம் சொல்லுங்க."

"மொட்டை" என்றேன். "மஞ்ச சட்டை. சிங்கம் போட்டது."

அவர் சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். சிரிக்கவில்லை அவர், பாவம். "வேற ஏதாச்சும் இருக்கா? மச்சம், தழும்பு?"

 ஐந்து வருஷம் தூக்கிச் சுமந்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல எனக்கு மொட்டையும் சட்டையும்தான் இருந்தன. மனைவி சொன்னாள்: "எடது காதுக்குப் பின்னாடி மச்சம். முடி இருந்தப்பத் தெரியாது. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

இளநீரோடு வந்த சகலை விஷயம் கேட்டதும் காய்களைக் கீழே போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினார். "மொட்டைப் புள்ளையோட போற எந்த வண்டியையும் விடமாட்டேன், நீங்க உள்ள பாருங்க!" என்று கத்திக்கொண்டே போய், கிளம்பிய வேன் ஒன்றின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். என் காலரைப் பிடித்தவன் அவருக்குத் துணையாக ஓடினான். பையனின் அம்மா கழிவறைப் பக்கம் போனாள். மனைவி மரங்களுக்கு இடையே பிள்ளைகளின் காதுகளைப் பிடித்துப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணாடிக் கூடத்துக்குள் ஓடினேன். அங்கே யாரும் இல்லை. வளைந்த கண்ணாடிகளில் நான்தான் குட்டையாகவும் நெட்டையாகவும் நின்றேன். அங்கே நின்றபோதுதான் செருப்பு ஞாபகம் வந்தது. நாற்காலிக்கு அடியில் செருப்பு இல்லை. யாராவது தூக்கிப் போயிருந்தால் ஒன்றாவது கழன்று விழுந்திருக்கும். மாட்டிய செருப்போடு தானாக நடந்துதான் போயிருக்கிறாள். இருட்டில் எங்கே போவாள்? "நிலா எங்கப்பா?" என்று கேட்டாள். "வரும், பேசாம பாரு" என்றேன். நிலா வந்தது எதிர்ப்பக்கத்தில். அப்போது என் மடியில் அந்தப் பையன் இருந்தான்.

கோளரங்கத்தின் கதவுக்கு ஓடினேன். சாத்தியிருந்தது. அடுத்த காட்சி தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற பெண்மணி கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஷோ ஓடுதுங்க. முடிஞ்சதும்..."

"கதவத் தொறங்க!"

யாரோ கத்தியது போலிருந்தது. நான்தான். தொண்டை கிழிகிற மாதிரி வந்தது அந்தக் குரல். மரத்தடியில் இருந்த காக்கைகள் எழும்பின என்று சகலை பிறகு சொன்னார். அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார். அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

உள்ளே அதே இருட்டு, அதே நட்சத்திரங்கள், அதே குரல். எங்கே காலை வைப்பது என்று தெரியவில்லை. "பாப்பா" என்று கூப்பிட்டேன். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். நாலாபக்கமும் சின்னத் தலைகள் அசைவது நிழலாகத் தெரிந்தது. எல்லா வீட்டிலும் அதே பெயர்தான்.

"லைட்டப் போடுங்கம்மா" என்றாள் என் பின்னால் வந்து நின்ற மனைவி. "உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

குரல் நின்றது. விளக்குகள் எரிந்தன. நட்சத்திரங்கள் அழிந்து வெள்ளைக் கூரை வந்தது. "ச்சே" என்று கூட்டம் முனகியது. ஏதோ நடந்துவிட்டதென்று பிள்ளைகள் எல்லாம் எழுந்து எங்களைத் திரும்பிப் பார்த்தன. மொட்டை மொட்டையாக, மஞ்சள் மஞ்சளாக. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். இவள் இல்லை. இவள் இல்லை. இவளும் இல்லை. என் கண்ணே எனக்கு நம்பிக்கை தரவில்லை. இதில் என் மகளையே தாண்டிப் போய்விட்டேனோ என்று திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகச் சாய்ந்து கிடந்தது போலிருந்தது. அதன் நுனியில் இரண்டு சின்னச் செருப்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஓடிப் போய்ப் பார்த்தேன். நாற்காலியின் பள்ளத்தில் அமுங்கிப் படுத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பிள்ளைகளும் எங்களைத் திரும்பிப் பார்த்தபோது அவள் ஒருத்தி மட்டும் கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏன்ப்பா லைட்டப் போட்டாங்க?" என்றாள் எரிச்சலாக. "இப்பத்தான் நிலா வரப்போவுது."

தான் காணாமல் போனதே அவளுக்குத் தெரியாது. முதல் காட்சியில் நிலாவைப் பார்க்க இந்தப் பக்கம் வந்தவள், மறுபடி வரும் என்று பக்கத்திலிருந்த யாரோ சொன்னதைக் கேட்டு அங்கேயே இருந்துவிட்டாள். நான் என் இடத்திலேயே இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மனைவி குனிந்து முதலில் அவளுடைய இடது காதை மடக்கிப் பார்த்தாள். பிறகுதான் தூக்கினாள்.

பாதியில் நிறுத்தியதற்காகக் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியவர், "விடுங்க, புள்ள கெடச்சிருச்சுல்ல" என்றார். வாசலில் இருந்த பெண்மணி எங்களைப் பார்த்து, "உக்காருங்க, நிலா பார்த்துட்டே போங்க" என்றார். தலைவலியோடு மனைவியும் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்ததும் அவள் தன் முந்தானை நுனியை மகளின் சட்டையோடு சேர்த்து முடிச்சுப் போடுவது கைக்குத் தெரிந்தது. நிலா வந்தது. நான் நிலாவைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சகலைதான் பேசிக்கொண்டு வந்தார். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது, "சகல, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கவே கூச்சப்படுவீங்க. இன்னைக்குப் போட்ட சத்தம் ஏர்போர்ட்ல பிளேனுக்கே கேட்டிருக்கும்" என்றார். நான் சிரிக்க முயன்றேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன். மகளுக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

வீட்டில் அக்கா கேசரி கிளறி வைத்திருந்தாள். சாயங்காலம் கேக் வெட்டினோம். அக்கா தலைக்கு மறுபடி சந்தனம் குழைத்து வந்தபோது மனைவி தடுத்தாள். கண்மையை எடுத்து, மகளின் மொட்டைத் தலையின் உச்சியில் காலணா அளவுக்குப் பெரிய பொட்டாக வைத்தாள்.

"திருஷ்டிக்காடி?" என்றாள் அக்கா.

"ஆமா" என்றாள் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

சகலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "திருஷ்டிக்கு இல்ல. உன் தங்கச்சி வீட்டுக்காரரு கண்ணுக்குத்தான்" என்று அக்காவிடம் ஆரம்பித்து, முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் வாயில் வைத்த விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை என்பது சகலைக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

"நெஜமாவாப்பா?" என்றாள்.

சமயபுரத்தில் நான் சொன்ன சொல் அவளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றது. மழுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெரியப்பா சும்மா சொல்கிறார் என்றால் நம்பிவிடுவாள். மனைவி என்னையே பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "இருட்டா இருந்துச்சு. நீன்னு நெனச்சு வேற புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்."

அவள் யோசித்தாள். உதடு கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டை அடித்தபோது அழாதவள் இப்போது அழுதால் அதற்கு நான்தான் காரணம்.

"அந்தப் புள்ள அழுதுச்சா?"

"அழுதான். பையன் அவன்."

"அவனத் தூக்கிட்டே இருந்தியா?"

"ஆமா."

"எவ்ளோ நேரம்?"

"நிலா வந்ததுலேருந்து... ஷோ முடிஞ்சு வெளிய வர்ற வரைக்கும்."

கேக் தட்டைக் கீழே வைத்தாள். கையைச் சட்டைச் சிங்கத்தில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் தூக்கி நின்றாள்.

"அவ்ளோ நேரம் என்னையும் தூக்கு."

தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். சித்திரை வீதியில் கடைகளுக்கு விளக்குப் போட்டுவிட்டார்கள். எதிரே வந்தவர்கள் அவள் தலையின் கருப்புப் பொட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இறக்கிடாத, இன்னும் ஆவல" என்றாள். திருப்பத்தில் மறுபடி சொன்னாள். கோபுரத்தடி வரை போய்த் திரும்பியும் சொன்னாள். கை கடுத்தது. காலையில் தூங்கிய அதே தோள்தான். சந்தனம் உதிர்ந்துவிட்டிருந்தது.

மதியம் மடியில் இருந்ததைவிட இவள் நல்ல கனம். இறக்கவில்லை நான்.